கடை பிரெட்டா, வீட்டு சவர்டோவா? சேலத்து அடுப்படிக் கணக்கு

போன வருஷம் பங்குனியில் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சவர்டோ ஸ்டார்டர் கொடுத்தாள். கடை ஈஸ்ட் போடாமல் புளித்த மாவாலேயே பொங்க வைக்கிற ரொட்டிதான் சவர்டோ; அதைப் பொங்க வைக்கிற அந்தப் புளித்த மாவுதான் ஸ்டார்டர். மூடியை இறுக்கி மூடிவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கோரிமேடு வருவதற்குள் மூடி தெறித்து, காலடியில் இருந்த துணிப்பை முழுக்கப் புளித்த மாவு. அடியில் ஒட்டியிருந்த இரண்டு ஸ்பூனைச் சுரண்டி எடுத்துத்தான் ஆரம்பித்தேன். இது இரண்டாவது கோடை. வாரத்துக்கு ஒரு ரொட்டி வீட்டில்தான் வேகிறது. ஆகவே நான் எந்தக் கட்சி என்பதில் ஒளிவு மறைவு இல்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். கடை பிரெட் மெத்தென்று இருக்கும், ஒரே அளவாக வெட்டி வரும், காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது கை கொடுக்கும். பிரெட் பஜ்ஜிக்கும் பிரெட் அல்வாவுக்கும் இன்றைக்கும் அதைத்தான் வாங்குகிறேன்; சவர்டோவில் அல்வா கிளறிப் பார்த்தேன், வேண்டாம். வீட்டு ரொட்டிக்கு மேல்தோல் மொறுமொறுப்பு, உள்ளே லேசான புளிப்பு. அதை வாட்டி, தட்டுவடை செட்டுக்கு வைக்கிற பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டையும் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் தூவிக் கொடுத்தபோதுதான் என் பையன் முதல்முறையாக இரண்டாவது துண்டு கேட்டான்.

கடை பிரெட் என்றாலே விஷம் என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. பயப்பட வேண்டியிருந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016லேயே அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கவரில் ஐஎன்எஸ் என்று போட்டிருப்பது உணவில் சேர்க்கிற பொருளின் எண். அதில் 282 பூஞ்சை பிடிக்காமல் இருக்க. 471, 481 மெத்தென்று வைத்திருக்க. எல்லாம் அனுமதிக்கப்பட்ட சரக்குதான். எனக்குக் கோபம் வேறு இடத்தில். பிரவுன் பிரெட் என்று கோதுமைக் கதிர் படம் போட்டு விற்கிற கவரைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதலில் இருப்பது மைதா, கடைசி வரிகளில் கேரமல் நிறம். நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விலையில் வீட்டு ரொட்டிக்கே ஜெயம். அரைக் கிலோ மாவு முப்பது ரூபாய்க்குள் அடங்கும், வெந்து வரும்போது ரொட்டி முக்கால் கிலோவுக்கு மேல். ஓடிஜி, அதாவது ரொட்டி வேகிற கரண்ட் அடுப்பு, சூடேறுவதையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு இரண்டு யூனிட்டுக்குள். ஏசி ஓடுகிற வீடாக இருந்தால் மட்டும் இரண்டு மாத ரீடிங் 500ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் மாறும், அந்தப் பில்லுக்கு ரொட்டியைத் திட்டக் கூடாது.

ருசியும் விலையும் இருந்தும் நாலே மாதத்தில் நான் கைவிடப் பார்த்தேன். காரணம் ஸ்டார்டரை வளர்ப்பது. வாங்குவதா, செய்வதா என்ற கேள்விக்குச் சேலத்தில் பதில் அந்தப் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது.

அக்கா வீடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்தில். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாவும் தண்ணியும் போட்டால் ஸ்டார்டர் சொன்ன பேச்சு கேட்கும். அதே கணக்கைக் கீழே சேலத்தில், என் அஸ்தம்பட்டி அடுப்படியில் சித்திரை மாதம் போட்டேன். ஐம்பது கிராம் ஸ்டார்டர், ஐம்பது மாவு, ஐம்பது தண்ணி. காலை ஆறுக்குப் போட்டது ஒன்பதுக்குப் பொங்கி நிற்கும், பதினொன்றுக்கு அமுங்கிவிடும், சாயந்திரம் மேலே கறுப்புத் தண்ணி தேங்கி நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. பசியில் கத்துகிறது என்று அர்த்தம். சரி என்று மூன்று வேளை போட்டேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, ஊசிப்போன மாவுக்கா வேளாவேளைக்குச் சோறு போடறே?" என்றார். கேள்வி நியாயமானது. இரண்டு வேளை போட்டாலே மாதம் மூன்று கிலோ மாவு. அதில் பாதிக்கு மேல் தோசையில் கலந்தேன், மீதியைச் செடிக்கு ஊற்றினேன். மாவு விலை முப்பது ரூபாய் என்று மேலே சொன்ன கணக்கு இப்படி வளர்த்தால் பொய்.

ரொட்டியும் சரியாக வரவில்லை. சவர்டோவில் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது: பொங்க வைக்கிற ஈஸ்ட், புளிக்க வைக்கிற பாக்டீரியா. வழக்கமாக இதில் இருக்கும் ஈஸ்டுக்கு 27 டிகிரி பக்கம் தோது, 35ஐ நெருங்கினால் படுத்துவிடும். பாக்டீரியாவோ 32, 33ல்தான் துள்ளும். நம்ம ஊர் மத்தியானத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாவு பொங்குவதற்குள் புளித்து, புளித்ததில் இழுவை போய், பிசைந்த உருண்டை பால்கோவா மாதிரி கையில் ஒட்டும். இட்லி மாவு புளித்துப்போனால் ஊத்தப்பம் ஊற்றித் தப்பித்துவிடலாம். இதற்கு அந்த வழியும் இல்லை, கல் மாதிரி தட்டையாக வேகும்.

கடைசியில் தீர்வு வந்தது உறைமோரை நினைத்துப் பார்த்தபோது. தயிருக்கு உறை ஊற்ற ஒரு ஸ்பூன் போதும், யாரும் அரை லிட்டர் உறைமோரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இப்போது பாட்டிலில் எப்போதும் பத்து கிராம்தான், அதுவும் ஃப்ரிட்ஜில். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு வெளியே எடுத்து ஐம்பது மாவு, ஐம்பது தண்ணி. விடிகாலை ஐந்துக்கு நுரைத்து நிற்கும். நூறு கிராம் ரொட்டிக்கு, ஒட்டியிருக்கும் பத்து திரும்ப ஃப்ரிட்ஜுக்கு. வாரம் ஐம்பது கிராம் மாவு, கொட்டுவது ஒன்றுமில்லை. ஏழெட்டு நாள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ரொட்டிக்கு மைதா 350 கிராம், கோதுமை மாவு 150, உப்பு 10, தண்ணி 320. தண்ணி மண்பானையிலிருந்து. முதல் நாள் பிடித்து வைத்த காவிரித் தண்ணி என்பதால் குளோரின் வாடை போயிருக்கும், குழாய்த் தண்ணியைவிடச் சில்லென்றும் இருக்கும், பிசைந்த மாவு சூடேறாது. ஏற்காட்டில் ஆறு மணி நேரம் விடுகிற மாவை இங்கே மூன்று மணி நேரத்திலேயே உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கடிகாரத்தைவிடப் பாத்திரத்தை நம்புங்கள்: பாதியளவு எழும்பியதும் போதும், இட்லி மாவு மாதிரி இரட்டிப்பாகட்டும் என்று காத்திருந்தால் போச்சு. ஞாயிறு காலை 230 டிகிரியில், மேலே அடிகனமான பாத்திரத்தைக் கவிழ்த்து இருபது நிமிஷம், எடுத்துவிட்டு இன்னொரு இருபது.

வாரத்துக்கு என் கைவேலை நாற்பது நிமிஷம் இருக்கும். அந்த நாற்பது நிமிஷம் இல்லாதவர்கள், வாரக் கடைசியில் வீட்டிலேயே இல்லாதவர்கள் கடை பிரெட்டே வாங்குங்கள், கவரின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு. ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகிற வீட்டுக்கும் இது ஆகாது.

சில விஷயங்களில் என் அனுபவம் குறைச்சல். முழுக் கோதுமை மாவில் மூன்று தடவைதான் போட்டேன், மூன்றும் அடைத்துப் போயின, கையா மாவா என்று பிடிபடவில்லை. ஓடிஜி இல்லாமல் அடுப்பில் இரும்புச் சட்டியில் ஒரே ஒரு தடவை, அடி தீய்ந்தது. சர்க்கரைக்கு நல்லது என்பார்கள். என் மாமனார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மாத்திரையை வழக்கம்போலப் போடுகிறார், அதில் நான் தலையிடுவதில்லை.

நம்ம வெயிலால் ஒரு லாபமும் உண்டு. போன வைகாசியில் கொஞ்சம் ஸ்டார்டரைப் பிளாஸ்டிக் தாளில் மெலிசாகத் தடவி ஃபேனுக்கு அடியில் வைத்தேன், சாயந்திரத்துக்குள் அப்பளமாகக் காய்ந்தது. நொறுக்கி, கொத்தவரை வத்தல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐப்பசி மழையில் அக்கா வீட்டுப் பாட்டிலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. அது தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான். ஃபோன் பண்ணி, "நீ கொண்டுபோனதுல மிச்சம் இருக்காடி?" என்றாள். ஒரு பிடி நொறுக்கைக் காகிதத்தில் மடித்து, மேலே போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன். அந்தக் குளிரில் அது நுரைக்க நாலு நாள் ஆயிற்றாம்.