பெல்லட்டும் தராசும்: டெல்லியில் மூன்றரை வருட ஏர் பிஸ்டல் அனுபவம்

என் சித்தப்பா மகன் டெக்சஸில் இருக்கிறான். சனிக்கிழமை காலையில் கராஜில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, தீப்பொறி தரும் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, முனையில் குண்டு என்று தன் பிஸ்டலுக்கு வேண்டிய தோட்டாவைத் தானே செய்வான். வீடியோ காலில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. சுடுவதைவிட, அந்தப் பொறுமையான கைவேலை மேல்தான் எனக்கு ஆசை.

இங்கே அது ஆகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். தயாரிக்க அதற்குத் தனி உரிமம். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் .22 பிஸ்டல் பயிற்சிக்குச் சேரலாமே என்றால், அந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சுட்டால் கூட்டோடு சேர்ந்து அதன் ஆயுள் முடிந்தது. வெடிமருந்தே இல்லாத ஒரு வழிதான் பாக்கி: அடைத்த காற்றால் 10 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் வேண்டாம், அடையாளச் சான்று போதும். 2022 ஜனவரியில் முனிர்க்கா வீட்டுக்கு ஒரு பழைய பிஸ்டல் வந்து சேர்ந்தது.

முதல் வருடம் முழுக்க பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டு, அதன் பின்னாலேயே அலைந்தேன். போட்டிக்கான பெல்லட்டின் தலை தட்டையாக இருக்கும், காகிதத்தில் வட்டமாக ஓட்டை விழுவதற்கு. ஒரு டப்பாவில் 500. ஒரே கம்பெனி பெல்லட்டிலும் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வேறுபடும்; எது நம் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வாங்கினேன். ஞாயிறு இரவுகளில் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து நிறுத்து, எடைவாரியாக மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைப்பேன். பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் ஓரம் நசுங்கியிருந்தால் தனியே ஒதுக்குவேன். டெக்சஸ் கராஜில் அவனுக்குக் கிடைக்கும் நிம்மதி எனக்கு இந்தத் தராசு முன்னால் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகு ரேஞ்சில் பிஸ்டலை அசையாமல் பிடிக்கும் வைஸில் பூட்டி, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து சுட்டேன். எடை பார்த்துப் பொறுக்கிய நல்ல பெல்லட்டில் ஐந்தும் சேர்ந்து விழுந்த ஓட்டையின் அகலம் 6 மி.மீ. பொறுக்காத மலிவு டப்பாவில் 9 மி.மீ. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இலக்கு அட்டையை வாங்கிப் பார்த்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார், அந்த ரேஞ்சில் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்.

"பத்து வளையம் எவ்வளவு அகலம் தம்பி?"

"11.5 மில்லிமீட்டர், ஐயா."

"அப்போ உங்க மட்டமான பெல்லட்டே பத்துக்குள்ளதானே போகுது? ஈயத்தை நிறுத்தது போதும், இனி கையை நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெல்லட்டின் ஓரம் அந்த நடு வளையத்தைத் தொட்டாலே பத்து மதிப்பெண். அதாவது மையத்திலிருந்து 8 மி.மீ. விலகினாலும் பத்துதான். அந்த மாதம் என் குண்டுகளில் சில ஆறிலும் ஏழிலும் விழுந்துகொண்டிருந்தன. அந்தத் தவறை எந்தத் தராசும் காட்டாது.

மறுநாளிலிருந்து தினமும் இருபது நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கும் பயிற்சி. மரக் கிரிப்பை உப்புத்தாள் கொண்டு உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்த்தேன். கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே அரை மில்லிமீட்டர் மரம் போனதும் குறிபார்க்கும் முன் சைட் தானாக நடுவில் வந்து நின்றது. 60 குண்டுகளுக்கு 600-இல் 498 எடுத்துக்கொண்டிருந்தவன், துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் சென்ற முறை 541 எடுத்தேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய இடம் அது. அங்கே லேனில் நிற்கும்போது இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

பெல்லட்டைப் பற்றி இன்றைக்கு என் பழக்கம் இவ்வளவுதான்: குழலுக்குப் பொருந்திய ஒரே தலை அளவு, நசுங்கியதை மட்டும் நீக்குவது. எடை போடுவதில்லை.

டெல்லி வெயில், குளிர் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரியில் விரல் மரத்துப் போகும். ட்ரிகருக்கு விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவை, அது விரலுக்கே தெரியாமல் குண்டு கிளம்பிவிடும். சட்டைப்பைக்குள் சூட்டுப் பை வைத்துக்கொள்கிறேன். ஆகஸ்டு ஈரத்தில் திறந்து கிடந்த டப்பாவில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அதைச் சுடவும் கூடாது, கையில் தொடவும் கூடாது.

ஈயம் விஷம். முதலில் சாப்பாட்டு மேசையிலேயே தராசை வைத்திருந்தேன். "சோறு போடுற இடத்துலயா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் என் விரல் நுனி சாம்பல் நிறத்தில் இருப்பதைக் கவனித்தேன். வீட்டில் எட்டு வயதுப் பெண் இருக்கிறாள். அன்றே எல்லாம் பால்கனிக்குப் போனது. ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

எனக்குப் பணம் நட்டமானது பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்த அலுமினியச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் தந்த ஆயுள் பத்து வருடம். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் புதிது வாங்க வேண்டியதாயிற்று. காற்றை அவசரமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகி, ஆறியதும் அழுத்தம் காட்டும் முள் இறங்கிவிடும். மெதுவாக, இடையிடையே நிறுத்தி அடையுங்கள். கைப் பம்பு வேண்டாம், ஈரக் காற்று உள்ளே போய் வால்வைக் கெடுக்கும். பழைய பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள், விலை பேசும் முன்பே டார்ச் அடித்து அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள்.