மூலக்கூறு மேகங்களுக்கு யூவிஐடி: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

பெங்களூரில் கோரமங்கலா பக்கம் வானியல் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்திலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியான யூவிஐடியை வைத்து மூலக்கூறு மேகத்தில், அதாவது விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த வாயு, தூசித் திரளில், என்ன பார்க்கலாம்? மேகத்தின் உள்ளே எதுவும் தெரியாது. தூசி புற ஊதாவை விழுங்கிவிடும். தெரிவது தோல்தான். பக்கத்து விண்மீனின் ஒளியைத் தூசி சிதறடிக்கும் விளிம்பும், ஹைட்ரஜன் மூலக்கூறு ஒளிரும் படலமும். அந்தத் தோலை 1.5 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கூர்மையில் பார்ப்பது அலுக்கவே அலுக்காது.

குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியின் தேர்வில்தான் பாதி வெற்றி. ஹைட்ரஜன் மூலக்கூறு 111 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உறிஞ்சி, 165 வரை திருப்பி உமிழும். 158, 161 அருகில் உமிழ்வு வலுவாக இருக்கும். எஃப்154டபிள்யூ என்ற வடிகட்டி அந்த இடத்தை உள்ளடக்கும். எஃப்172எம் பெரும்பாலும் அதைத் தாண்டியே தொடங்குவதால் அதில் தூசி சிதறலே மிகுதி. இரண்டையும் ஒப்பிட்டால் மூலக்கூற்றின் பங்கு பிரியும். பதிவான ஒளித்துகள் எண்ணிக்கையை நேராகக் கழிக்காதீர்கள். முதலில் பாயமாக (வந்துசேரும் ஒளியின் அளவாக) மாற்றுங்கள். அதே பாயத்துக்கு எஃப்172எம்மில் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் விழும். நேரம் கேட்கும்போதே அதற்கு நான்கு மடங்கு கேளுங்கள். எஃப்169எம் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதன் சராசரி அலைநீளம் 160.8 நானோமீட்டர்.

எஃப்148டபிள்யூ அகலமானது, மங்கல் ஒளிக்கு ஆசை காட்டும். ஆனால் பூமியின் வளிமண்டல ஆக்சிஜன் உமிழும் 130.4 நானோமீட்டர் நிறமாலை வரியும் அதற்குள் வந்துவிடும். அதன் வலு விண்கலத்தின் சுற்றுக்குச் சுற்று மாறும். அதனால் மேகத்துக்கு, அந்த வரி சேராத எஃப்154டபிள்யூதான் என் தேர்வு.

தரவுச் சுத்திகரிப்புக்கு ஜூட், சிசிடிலேப் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். விண்மீனுக்குப் போதும் என்று விடும் பிழைகள் மங்கல் ஒளியைக் கெடுக்கும். வினாடிக்குச் சுமார் 29 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) வரும். அண்டக்கதிர் பொழிவு விழுந்த சட்டத்தில் நிகழ்வுகள் திடீரென எகிறும். அவற்றை நீக்காவிட்டால் பின்புலமே மேகம் போல் தோன்றும். விண்கலம் நகர்வதால் ஓரத்தில் வெளிப்பாட்டு நேரம் குறைவு. எந்த இடம் எவ்வளவு நேரம் பதிவானது என்று காட்டும் வெளிப்பாட்டு வரைபடத்தால் வகுத்த பிறகும் 28 கலை (ஒரு கலை 60 விகலை) அகலப் பார்வைப் புலத்தின் விளிம்பை வெட்டிவிடுவதே நல்லது. விண்மீன்களை மறைக்கும்போது வட்டத்தைத் தாராளமாக எடுங்கள். அவற்றின் ஒளிச் சிறகு நீளும். பிறகு 0.4 விகலைப் பிக்சல்களைச் சேர்த்துப் பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலான பிக்சல்களில் பூஜ்யம்தான் இருக்கும்.

ஒரு பெரிய குறை: அண்மைப் புற ஊதா அலைவரிசை 2018-ல் நின்றுபோனது. 217.5 நானோமீட்டர் அருகே தூசி ஒளியை மிகுதியாக உறிஞ்சும் 'தூசி மேட்டை' அளக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நோக்கல்களைத்தான் காப்பகத்தில் தேட வேண்டும்.