க்யூஏ இன்டர்வியூன்னு கூப்ட்டு ஓசில வேலை வாங்குறாங்க, பாத்து இருங்க

டெஸ்டிங்ல (க்யூஏன்னாலும் அதுதான், சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கான்னு செக் பண்ற வேலை) வேலை தேடிட்டு இருக்கவங்க இத ஒரு தடவ முழுசா படிச்சிருங்க. கம்பெனி பேரு போடல. சென்னை ஓஎம்ஆர்ல இருக்குற சின்ன கம்பெனி, சொந்தமா ஷாப்பிங் ஆப் வச்சிருக்காங்க, வெப்சைட்லயும் ஓடும்.

எனக்கு மேனுவல் டெஸ்டிங் (கையால செக் பண்றது) 3 வருஷம், செலினியம் (ப்ரவுசர தானா ஓட்டி செக் பண்ற டூல்) ஒண்ணரை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ். பழைய கம்பெனில ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உக்கார வச்சு அப்புறம் பேப்பர் போடச் சொல்லிட்டாங்க, வீட்ல இஎம்ஐ ஓடிட்டு இருக்கு, அதனால ஹெச்ஆர் கால் வந்தப்ப அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. முதல் ரவுண்டு நல்லாவே போச்சு. ஒரு பக் (சாஃப்ட்வேர்ல இருக்குற தப்பு) எவ்ளோ பெருசுன்னு சொல்ற சிவியாரிட்டிக்கும், எவ்ளோ சீக்கிரம் சரி பண்ணணும்னு சொல்ற ப்ரையாரிட்டிக்கும் வித்தியாசம் கேட்டாங்க, 18ல இருந்து 60 வரைக்கும் வயசு எடுத்துக்குற ஃபீல்டுக்கு பவுண்டரி வேல்யூ (எல்லைய ஒட்டி டெஸ்ட் பண்ண வேண்டிய நம்பர்) கேட்டாங்க, 17, 18, 19, 59, 60, 61ன்னு சொன்னேன், செலினியம்ல ஸ்க்ரீன்ல ஒண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்க வைக்குற ரெண்டு வழியான இம்ப்ளிசிட் வெயிட்டையும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் ஏன் கலக்கக் கூடாதுன்னு கேட்டாங்க. எல்லாம் நியாயமான கேள்விதான்.

அடுத்து அசைன்மெண்ட். பொதுவா சாஸ் டெமோ மாதிரி ப்ராக்டிஸ் சைட் குடுத்து ரெண்டு மணி நேரத்துல முடியுற மாதிரி ஏதாவது கேப்பாங்க. இவங்க குடுத்தது அவங்க ஆப்போட ஸ்டேஜிங் லிங்க், அதாவது வெளிய விடுறதுக்கு முன்னாடி அவங்களே ப்ரவுசர்ல டெஸ்ட் பண்ற வெர்ஷன். கார்ட் மாட்யூல் (வாங்கப் போற பொருள சேத்து வைக்குற பகுதி) முழுசுக்கும் டெஸ்ட் கேஸ் (என்ன பண்ணா என்ன வரணும்ங்குற லிஸ்ட்) எழுதணும், அது தானா ஓடுற மாதிரி ஜாவால டெஸ்ட்என்ஜிங்குற டூல் வச்சு, பேஜ் ஆப்ஜெக்ட் மாடல்ங்குற முறையில கோட் எழுதி ஆட்டோமேட் பண்ணணும், கிடைச்ச பக் எல்லாத்தையும் அவங்க ஜிராலயே (பக் எல்லாத்தையும் பதிஞ்சு வைக்குற டூல்) போடணும், கோட அவங்க ரெப்போலயே (கோட் சேத்து வைக்குற இடம்) புஷ் பண்ணணும். அப்பவே எனக்கு உறுத்துச்சு, ஆனா வேலை வேணுமேன்னு நாலு நாள் ராத்திரி பகலா உக்காந்து 62 டெஸ்ட் கேஸ், 19 பக் குடுத்தேன். அதுல ஒண்ணு பெரிய பக், ஒரே கூப்பன ரெண்டு ப்ரவுசர் டேப்ல இருந்து அப்ளை பண்ணா டோட்டல் மைனஸ்ல போகும்.

"ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க, மேனேஜர் ரவுண்டு இந்த வாரம்"னு சொன்னாங்க, அவ்ளோதான். மறுநாள் ரெப்போ ஆக்சஸ் போச்சு, மெயிலுக்கு பதில் இல்ல, கால் பண்ணா எடுக்கல. ரெண்டு வாரம் கழிச்சு அந்த ஆப்போட வெப்சைட் அப்டேட் ஆச்சு. அதே மாதிரி ரெண்டு டேப்ல ட்ரை பண்ணி பாத்தேன், அந்த கூப்பன் பக் ஃபிக்ஸ் ஆயிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு சாப்பாடே இறங்கல.

பழைய டீம்ல இருந்த ஒரு அண்ணாகிட்ட புலம்புனப்பதான் விஷயமே தெரிஞ்சுது, அவரும் அதே கம்பெனிக்கு அட்டென்ட் பண்ணிருக்காரு, அவருக்கு குடுத்தது பேமெண்ட் மாட்யூல். அவரு கூட ஜூனியர் பொண்ணு ஒண்ணு, அவளுக்கு லாகின், சைன்அப். மூணு பேருக்கும் வேற வேற மாட்யூல், மூணு பேருக்கும் பதில் வரல. ஆளெடுக்குறவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விய குடுத்துதானே ஒப்பிட்டு பாப்பாங்க? அந்தப் பொண்ணுகிட்ட ஆஃபருக்கு முன்னாடியே ஆதார், பேன் காப்பி வேற வாங்கி வச்சிருக்காங்க, அத நினைச்சாதான் இன்னும் கோவம் வருது.

இனிமே நான் ப்ராக்டிஸ் சைட்ல மட்டும்தான் பண்ணுவேன், கோட் என் ரெப்போல இருக்கும், ஸ்க்ரீன் ஷேர்ல ஓட்டி காமிப்பேன். ஒத்துக்கலன்னா விட்ருவேன்.

எங்களுக்குத் தெரிஞ்சு சர்ச்சும் ரிட்டர்ன் ரிக்வெஸ்ட்டும் இன்னும் யாருக்கும் குடுக்கல. ஷாப்பிங் ஆப்ல அந்த ரெண்டுல ஒண்ணு அசைன்மெண்ட்டா உங்களுக்கு வந்திருந்தா ஒரு டெஸ்ட் கேஸ் கூட எழுதாதீங்க, முதல்ல எனக்கு மெசேஜ் பண்ணுங்க, கம்பெனி பேரு அதுல சொல்றேன்.