நியோடிமியமா ஃபெரைட்டா, எந்த மேக்னட் வாங்குறது?

2025 ஏப்ரல்ல அமெரிக்கா சைனா சரக்குக்கு வரியை 145 சதவீதம் வரைக்கும் ஏத்துச்சு, சைனா பதிலுக்கு 125 போட்டதும் இல்லாம டிஸ்ப்ரோசியம், டெர்பியம்னு ஏழு ரேர் எர்த்தை (அரிய மண் உலோகம், இதுல சிலது நியோடிமியம் மேக்னட்ல சேருது) வெளிநாட்டுக்கு அனுப்ப லைசென்ஸ் வேணும்னு கதவைச் சாத்திடுச்சு, மே மாசம் வரி இறங்குச்சு, லைசென்ஸ் மட்டும் போகல. அடி விழுந்தது அம்பத்தூர் எஸ்டேட்ல மோட்டார் பண்றவங்களுக்கு. டீக்கடையில தினம் இதே கேள்விதான்.

பவர்: நியோடிமியம் சுமாரா பத்து மடங்கு. இரும்பு டேபிள்ல ஒட்டிக்கிச்சுன்னா ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பணும். ஃபெரைட் கையோட வந்துடும், அதே பவருக்கு பெரிய மேக்னட் வேணும், அதான் மோட்டார் குண்டாயிடும்.

சூடு: சாதா நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல காந்தம் இழக்கும், அதைத் தாங்கத்தான் டிஸ்ப்ரோசியம் கலக்குறாங்க, குடுமி சைனா கையில இருக்கிறது இங்கதான். ஃபெரைட் 200 டிகிரியையும் தாங்கும்.

துரு: நியோடிமியம் கோட்டிங் உரிஞ்சா நம்ம கடல் காத்துக்கு உதிர்ந்துடும். ஃபெரைட்டே இரும்பு ஆக்சைடு, அதுக்கு மேல என்னத்த துருப்பிடிக்கிறது!

விலை: ஃபெரைட் செம சீப்.

ஃபேன், வைப்பர், பம்ப் பண்றீங்களா, ஃபெரைட்டே போதும் பாஸ். ஸ்கூட்டர் ஹப் மோட்டார்னா (சக்கரத்துக்குள்ளயே இருக்கிற மோட்டார்) பெரும்பாலும் நியோடிமியம்தான், ஸ்டாக்கை முன்கூட்டியே பார்த்து வெச்சுக்கோங்க.