நிதான அணியா, துள்ளல் அணியா: ஃபேன்டசி பங்கு ஆட்டத்தில் என் தேர்வு

எட்டுப் பேர் முறை வைத்து ஆளுக்கு ஐந்து பங்குகளைக் கற்பனையாக எடுத்து, எட்டு வாரம் கழித்து யாருடைய ஐந்தின் சராசரி ஏற்றம் அதிகம் என்று பார்க்கும் ஃபேன்டசி ஆட்டத்தை இரண்டு முறை ஆடியிருக்கிறேன். முதல் முறை எல்லோருக்கும் தெரிந்த பெருநிறுவனப் பங்குகளாகப் பொறுக்கி நிதான அணி அமைத்தேன்; நான்காம் இடம் கிடைத்தது. அடுத்த முறை ஏற்ற இறக்கம் மிகுந்த பங்குகளைக் கொண்டு துள்ளல் அணி அமைத்து இரண்டாம் இடம் பிடித்தேன். இரண்டே ஆட்டங்களை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்றாலும், என் சாய்வு துள்ளல் அணியின் பக்கம்தான்.

நிதான அணியின் நிறைகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நிறுவனங்கள் பரிச்சயமானவை, செய்திகளைத் தேடி அலைய வேண்டாம், கடைசி இடத்துக்குச் சரியும் வாய்ப்பும் குறைவு. நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகை அதன் இன்னொரு பலம். ஆனால் எங்கள் ஆட்டத்தில் விலை மாற்றம் மட்டுமே கணக்கில் வந்ததால் அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று.

முடிவைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் கால அளவு. ஒரு பங்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வளரும் என்று வைத்துக்கொண்டால், எட்டு வாரத்தில் எதிர்பார்க்கத்தக்க ஏற்றம் ஏறத்தாழ 1.5 விழுக்காடுதான். ஏற்ற இறக்கமோ காலத்தின் வர்க்கமூலத்தையொட்டிச் சுருங்குவதால் அவ்வளவு குறைவதில்லை: ஆண்டுத் திட்ட விலக்கம் (ஏற்றம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 25 விழுக்காடாக உள்ள பங்குக்கு எட்டு வாரத்தில் அது சுமார் 10, 60 விழுக்காடாக உள்ள பங்குக்குச் சுமார் 24. நல்ல நிறுவனம் என்பதற்காகக் கிடைக்கும் ஒன்றரை விழுக்காடு இந்த அலைச்சலுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாது. முதல் இடத்துக்கு மட்டுமே பரிசு, ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் வேறுபாடில்லை என்னும்போது, பெரிதாக விழுவதற்கு அபராதம் இல்லை, பெரிதாக ஏறுவதற்கு மட்டும் பலன் உண்டு. சொந்தப் பணத்தில் இதே வேலையைச் செய்வது மடத்தனம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1988இல் அமெரிக்க நாளேடான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தொடங்கிய அம்பெறியும் போட்டியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பங்குப் பட்டியலில் அம்பு எறிந்து குருட்டாம்போக்கில் தேர்ந்த பங்குகளோடு மோதிய வல்லுநர்கள் முதல் 100 சுற்றுகளில் 61இல் வென்றார்கள். அமெரிக்கச் சந்தைப் போக்கைக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீட்டை முந்தியதோ 51 சுற்றுகளில்தான். அவர்கள் எடுத்தவை சந்தையைவிட ஏற்ற இறக்கம் கூடியவை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். குறுகிய காலப் போட்டி என்றதும் அவர்களும் துள்ளும் பங்குகளின் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள்.

துள்ளும் பங்குகளை எடுத்தால் மட்டும் போதாது என்பதை இரண்டாம் ஆட்டத்தில் பங்குகளைத் தேர்ந்தெடுத்த நாளன்றுதான் புரிந்துகொண்டேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து பங்குகளைச் சேர்த்தால், ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி, அந்த 24 விழுக்காடு அணி அளவில் 11 ஆகக் கரைந்துவிடும். அதாவது, சிரமப்பட்டுத் தேடிய துள்ளல் ஒற்றைப் பெருநிறுவனப் பங்கின் அளவுக்கு அடங்கிவிடும். ஆகவே சேர்ந்தே அசையும் பங்குகளாக, ஒரே துறையில் குவிக்க வேண்டும். சுற்றுக்கொரு முறை வரிசை திரும்பும் ஆட்டத்தில் தேர்வு வரிசையில் எனக்கு ஆறாம் இடம் வந்ததால், என் முறைகள் 6, 11, 22, 27, 38 என்று அமைந்தன. முதல் இரு சுற்றுகளில் மற்றவர்கள் பிரபலமான பெயர்களை அள்ளிக்கொண்டிருக்க, நான் இரண்டு சிப் தயாரிப்பு நிறுவனங்களை எடுத்தேன். மூன்றாவதும் 22ஆம் முறை வரை தீண்டுவாரின்றிக் கிடந்தது. நான்காவதாகக் குறித்து வைத்திருந்ததை எனக்கு முந்தைய முறைக்காரர் தட்டிப் பறித்துவிட்டார். பட்டியலில் அதன் பெயர் மங்கியதைப் பார்த்த எரிச்சலில் ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தை அவசரமாக எடுத்தேன், அதுவே கடைசியில் அணியைக் கீழே இழுத்தது. ஐந்தாவதை, அந்த நிறுவனத்தின் காலாண்டு நிதி முடிவு ஆட்டக் காலத்துக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்து எடுத்தேன். முடிவு வெளியாகும் ஒரே நாளில் இரண்டு மாத அசைவு நிகழ்ந்துவிடக்கூடும் என்பதால், அந்தத் தேதியை இப்போது எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்கிறேன்.

நான் ஆடிய இரு முறையும் சந்தை மொத்தத்தில் ஏறுமுகமாகவே இருந்தது. இறங்குமுகத்தில் பீட்டா கூடிய (சந்தையைவிடப் பெரிதாக அசையும்) பங்குகளே முதலில் அடிவாங்கும் என்பதால், அப்போது நிதான அணி முன்னால் வந்திருக்கலாம். அதை நான் ஆடிப் பார்த்ததில்லை. வாராவாரம் புள்ளி சேர்த்து ஆண்டு முழுக்க நீளும் ஆட்டமாகவோ, முதல் பாதிப் பேருக்கும் பரிசு உள்ள ஆட்டமாகவோ இருந்தால், மேற்சொன்ன கணக்கின் அடிப்படையே மாறிவிடுகிறது. அங்கே முதல் மூன்று சுற்றுகளை நிதானமான பங்குகளுக்கே ஒதுக்குவேன்.