வேலை போன பிறகு உதவிய புத்தகம்: ‘வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?’

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஒரு தயாரிப்பு லைனை மூடினால், அடுத்த கம்பெனிக்குப் போய் அதே வேலையில் உட்காருவதுதான் வழக்கம். என் லைனை மூடியபோது எனக்கு அப்படிப் போக மனமில்லை. க்யூ.சி.யில், அதாவது தரப் பரிசோதனையில், ஷூவின் மேல்பாகமான அப்பரைப் பார்த்த அனுபவமும் ஒரு பி.காம். பட்டமும் இருந்தன. இவற்றை வைத்து வேறு எங்கே போவது?

அந்தச் சமயத்தில் வழிகாட்டிப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்தேன். பலவும் தெம்பு தருகின்றன, ஆனால் மறுநாள் காலையில் என்ன செய்வதென்று சொல்வதில்லை. ரிச்சர்ட் போல்ஸ் எழுதிய இந்தப் புத்தகம் சொல்கிறது. அவர் ஓர் அமெரிக்கப் பாதிரியார். 1968இல் சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தில் நிதி போதாமல் அவருக்கே வேலை போனது. தன்னைப் போல் வேலை பறிபோகும் நிலையில் இருந்த பாதிரியார்களுக்காக 1970இல் இதைச் சொந்தமாக அச்சிட்டார். 1972இல் பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டது. 2017இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது.

புத்தகத்தின் உயிர் ‘பூ’ என்ற பயிற்சியில் இருக்கிறது. ஏழு இதழ்கள் வரைந்து நிரப்ப வேண்டும்: எப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை செய்யப் பிடிக்கும், எப்படிப்பட்ட சூழல், என்ன திறமை, என்ன அறிவு, எவ்வளவு சம்பளமும் பொறுப்பும், எந்த ஊர், எதற்காக இந்த வாழ்க்கை. திறமை இதழை நிரப்ப, நாம் ஆசைப்பட்டுச் செய்து முடித்த காரியங்களை ஏழு கதைகளாக எழுதச் சொல்கிறார். சம்பளத்துக்குச் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் அன்னதானம் போட்டபோது வசூலையும் மளிகைச் சாமான் கணக்கையும் நான் பார்த்ததை எழுதினேன். லைனுக்குப் புதிதாக வந்த பெண்களுக்குத் தையல் பிசகைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்ததை எழுதினேன். எல்லாக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்கே வியப்பு. வந்த பொருளைச் சரிபார்ப்பது, கணக்கு வைப்பது, பிறருக்குப் புரியவைப்பது. இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. ஷூ இல்லாத இடத்திலும் இவை செல்லுபடியாகும்!

அடுத்தது, வேலை கேட்காமல் வேலையைப் பற்றி மட்டும் கேட்டு வரச் சொல்லும் பகுதி. வேலூரில் மருத்துவமனைகளுக்கா பஞ்சம்? ஒன்றின் ஸ்டோரில் இருக்கும், தோழிக்குத் தெரிந்த ஓர் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். “வேலைக்குச் சொல்லணுமாம்மா?” என்றார். “இல்லண்ணா, உங்க வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்” என்றேன். முகமே மலர்ந்துவிட்டது. காலாவதித் தேதி பார்த்து அடுக்குவது, பேட்ச் எண் பதிவது, ஸ்டாக் கணக்கை மாதக் கடைசியில் சரிபார்ப்பது என்று பொறுமையாக விளக்கினார். கிளம்பும்போது இன்னொருவர் பெயரையும் தானாகவே சொன்னார். இன்று நான் மருந்து மொத்த வியாபாரம் ஒன்றில் ஸ்டாக் பார்க்கிறேன் என்றால், அந்த இரண்டாவது பெயர் வழியாக வந்ததுதான்.

எல்லாப் பக்கமும் நமக்குப் பொருந்தாது. சம்பளத் தொகையை முதலில் நாம் சொல்லக் கூடாது என்கிறார். இங்கே விண்ணப்பத் தாளிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக விட்டால் திருப்பித் தருகிறார்கள். வீட்டைப் பற்றியும் போதுமான அளவு பேசவில்லை. மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், காட்பாடியில் ரயில் கிடைக்குமா என்பதெல்லாம் எங்களைப் போன்ற பெண்களுக்கு முதல் கேள்விகள். அவற்றைச் சூழல் இதழில் நானே சேர்த்துக்கொண்டேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது உதவாது. அவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போகலாம், வகுப்புகள் இலவசம்.

புதுப் பதிப்புதான் வேண்டும் என்றில்லை. பூப் பயிற்சி முழுதாக இருக்கும் பழைய பதிப்பு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இணையத்தில் வேலை தேடும் பகுதி மட்டும் பழசாகியிருக்கும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காமல், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நேராகப் பூவுக்குப் போங்கள்.