ஒரே வளாகமா, ஊர் முழுவதுமா: திருப்பூர்ப் பின்னலாடை உற்பத்தியின் இரு வழிகள்

நூலாக வந்து இறங்கும் பருத்தி, டி-ஷர்ட்டாக அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன் திருப்பூரில் நிட்டிங், சாயமேற்றல், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. டிசைனைப் பொறுத்துப் பிரிண்டிங்கும் எம்ப்ராய்டரியும் இடையில் சேர்ந்துகொள்ளும். இவை அனைத்தையும் ஒரே நிறுவனம் தன் சொந்த வளாகத்துக்குள் செய்து முடிப்பது ஒரு வழி. ஆர்டரும் நூலும் மட்டும் தன்னுடையவையாக இருக்க, ஒவ்வொரு வேலையையும் அதற்கென்றே இருக்கும் யூனிட்டுக்குக் கூலிக்குக் கொடுத்து வாங்கும் ஜாப் ஒர்க் முறை மற்றொரு வழி. இரண்டில் எது மேல் என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. வேலைக்கு வேலை விடை மாறுகிறது என்பதே என் கருத்து.

எல்லாவற்றையும் சந்தையில் விலைக்கு வாங்க முடியும் என்றால் நிறுவனம் என்ற ஒன்று ஏன் உருவாகிறது என்று 1937இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் எழுப்பிய கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, ஒப்புக்கொண்டபடி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது ஆகிய அனைத்துக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு, உள்ளேயே ஆள் வைத்து நிர்வகிக்கும் செலவைத் தாண்டும்போது வேலை நிறுவனத்துக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். திருப்பூரில் முதல் வகைச் செலவு குறைவு. நிட்டிங் யூனிட்டும் பிரிண்டிங் யூனிட்டும் டெம்போ ஓடும் தூரத்தில் இருக்கின்றன; யார் வேலை சுத்தம், யார் தேதி தவறுவார் என்பது ஊரில் ஒளிவுமறைவாக இருப்பதில்லை. உள்நாட்டுப் பனியன் தொழிலில் தையல் கூலியைக்கூட ஆளுக்கு ஆள் பேசாமல், உற்பத்தியாளர் சங்கமான சைமாவும், கூலிக்குத் தைத்துத்தரும் பவர்டேபிள் யூனிட்டுகளின் உரிமையாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும் வழக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஜாப் ஒர்க் வளர்ந்ததில் வியப்பில்லை.

நிட்டிங்கை எடுத்துக்கொண்டால், வெளியே கொடுப்பதற்கே நியாயம் அதிகம். வட்ட நிட்டிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட டயாவும் (உருளையின் விட்டம்) கேஜும் (ஊசிகளின் நெருக்கம்) உண்டு. பக்கவாட்டுத் தையல் இல்லாத பனியனுக்கு உடல் அளவுக்கேற்ப வேறு வேறு டயா தேவை. ஒரே ஊசி வரிசையில் சிங்கிள் ஜெர்சி துணி பின்னும் மெஷினில், இரண்டு ஊசி வரிசை கேட்கும் ரிப் துணியோ இன்டர்லாக் துணியோ பின்ன இயலாது. எல்லா ஆர்டருக்கும் ஈடுகொடுக்க நினைக்கும் நிறுவனம், ஆண்டில் பாதி நாள் சும்மா நிற்கப்போகும் மெஷின்களையும் வாங்கிப்போட வேண்டும். கணக்குக்காக ஒரு நிட்டிங் பிரிவின் மாத நிலைச்செலவு 2 லட்சம் ரூபாய், திறன் 20,000 கிலோ, மின்சாரமும் ஊசியும் எண்ணெயுமாகக் கிலோவுக்கு 4 ரூபாய் மாறும் செலவு என்று வைத்துக்கொள்வோம். முழுத்திறனில் ஓடினால் கிலோவுக்கு 14 ரூபாய் அடங்கும். பாதித்திறனில் ஓடினால் 24 ரூபாய் ஆகிவிடும். வெளிக்கூலி 18 ரூபாயாக இருந்தால், மாதம் சுமார் 14,300 கிலோவுக்குமேல், அதாவது திறனில் ஏறத்தாழ 71 விழுக்காட்டுக்குமேல், தொடர்ந்து ஓடினால்தான் சொந்த மெஷினில் லாபம். கோடைக்கால ஆடைகளையே பெரிதும் நம்பியிருக்கும் ஊரில், ஆண்டு முழுவதும் அந்த அளவு ஓட்டம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பல பேரின் வேலையை எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டோ ஒருவரின் மந்தத்தை இன்னொருவரின் அவசரத்தால் ஈடுகட்டிக்கொள்கிறது.

சாயத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. பின்னிய துணியில் கண்ணுக்குத் தெரியாத குற்றம் சாயம் ஏறிய பிறகே வெளிப்படுவதுண்டு. இரண்டு லாட் (வெவ்வேறு தொகுதி) நூல் கலந்துவிட்டால், சாயம் ஏறாத துணி பார்வைக்குச் சீராகவே இருக்கும். சாயம் ஏறியதும் துணியின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். சாயக்காரர் நிட்டிங்காரரைக் கைகாட்டுவார், நிட்டிங்காரர் நூல் மில்லைக் கைகாட்டுவார், ஏற்றுமதியாளரின் தேதி அதற்குள் கரைந்துகொண்டிருக்கும். ஒரே வளாகத்திலும் நூல் கலக்கத்தான் செய்யும். ஆனால் எந்த ரோல் எந்த லாட்டில் பின்னப்பட்டது என்ற பதிவு ஒரே அலுவலகத்தில் இருப்பதால், குற்றம் எங்கே தொடங்கியது என்று தெரிந்து, மாற்றுத் துணி மெஷின் ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஷேடு விஷயமும் இப்படித்தான். ஆடையை வாங்கும் நிறுவனமான பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்புக்கும் (மாதிரிக்குச் சாயம் ஏற்றிய சிறு துணி) மொத்த லாட்டுக்கும் நிறம் ஒத்துவராவிட்டால் மறுசாயம் போட வேண்டும். தனக்கு வேறு பத்துப்பேரின் வேலை காத்திருக்கும்போது, வெளி யூனிட் அதை உடனே எடுத்துச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, தரத்தையும் தேதியையும் மட்டும் பார்த்தால் சாயம் உள்ளே இருக்க வேண்டிய வேலை.

அதற்குக் குறுக்கே நிற்பது முதலீடு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற நிறைய நீரும் உப்பும் வேண்டும். அந்த உப்புநீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை நீரையும் நிலத்தையும் எப்படிக் கெடுத்தது என்பதை அந்தப் பகுதி விவசாயிகள் அறிவார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டபோது, நிட்டிங்கும் தையலும் ஓடத் தயாராக இருந்தும் சாயத்துக்காகத் துணியை வெளியூர் அனுப்ப வேண்டிய நிலை வந்தது. ஒரு துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையின்படி, சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட நிலையத்தை நடத்துவது நடுத்தர நிறுவனம் தனியாகத் தாங்கும் செலவன்று. அதனால்தான் பல ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்திருக்கின்றன. பெரிய ஒருங்கிணைந்த ஆலைக்கு இது தாண்டக்கூடிய வேலி. மற்றவர்களுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஓரிரு சாய ஆலைகளோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்துக்கொண்டு, ஷேடு பார்க்கும் ஆளையும் லேபையும் மட்டும் தம் கையில் வைத்திருப்பதே. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைகிறது என்பதற்காக ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆலையை மாற்றுவோர், அந்த ஒரு ரூபாயைப் பல மடங்காக மறுசாயத்தில் கட்டுகிறார்கள்.

கட்டிங் உள்ளேயே இருக்கட்டும்; ஆடையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணி என்பதால், வெட்டில் சேதாரம் கூடினால் மற்ற எல்லாச் சிக்கனமும் வீணாகும். பிரிண்டிங், எம்ப்ராய்டரி இரண்டும் டிசைனுக்கு டிசைன் ஏறி இறங்கும் வேலைகள் என்பதால், வெளியே கொடுப்பதில் விவாதிக்க அதிகம் இல்லை.

தையல் விநோதமான இடத்தில் நிற்கிறது. பீஸ் பீஸாக எண்ணலாம், குற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால், கோஸின் தர்க்கப்படி அது எளிதில் வெளியே போகக்கூடிய வேலை. உள்நாட்டுப் பனியனில் பவர்டேபிளுக்குப் போவதும் அதனால்தான். ஏற்றுமதியில் அதை உள்ளே இழுப்பது பையரின் தணிக்கை. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், தன் ஆடை உண்மையில் எந்தக் கட்டடத்தில் தைக்கப்படுகிறது என்று கேட்காத பெரிய பையர் அரிது. சொல்லாமல் வெளியே கொடுத்த தையல் தெரியவந்தால் ஆர்டர் மட்டுமன்றி வாடிக்கையாளரே போய்விடலாம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: சொந்த வளாகம் என்று காட்டப்படும் இடத்திலேயே கான்ட்ராக்டர் ஆள் கொண்டுவந்து பீஸ் ரேட்டில் தைப்பதும் நடக்கிறது. கூரை ஒன்றாக இருந்தாலும் உறவு ஜாப் ஒர்க்காகவே இருக்கிறது.

ஜாப் ஒர்க்கின் கவர்ச்சியில் பேசப்படாத ஒரு பகுதி, கூலியைத் தாமதமாகக் கொடுக்கும் வசதி. சிறு யூனிட்டின் பணம் மாதக்கணக்கில் ஆர்டர்காரரின் நடைமுறை மூலதனமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், வெளிக்கூலி தாளில் தெரிவதைவிட மலிவாக இருப்பது இயல்பே. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், வாடிக்கையாளரை இழக்க விரும்பாத யூனிட் அதைக் கேட்கத் தயங்கியது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) உட்பிரிவு அந்தத் தயக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது: கெடு தவறிய தொகையை, உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே வெளியே கொடுக்கும் நிறுவனம், கூலியோடு அந்த 45 நாளுக்குள் தேவைப்படும் வங்கிக் கடனின் வட்டியையும் சேர்த்து எழுதிய பிறகே, சொந்த மெஷினின் செலவோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.